ஜீன் ஹேக்மேன்: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

யாருங்க இந்த ஜீன் ஹேக்மேன்? பேரு கேட்டா சட்டுன்னு ஞாபகம் வரல.

மூஞ்சிய பாத்தா வந்துடும். 1978ல வந்த சூப்பர்மேன் படத்துல வில்லன் லெக்ஸ் லூதர், அன்ஃபர்கிவன்ல அந்த கொடூரமான ஷெரிஃப், எனிமி ஆஃப் த ஸ்டேட்ல வில் ஸ்மித்துக்கு உதவி பண்ற சிடுமூஞ்சி பெருசு, எல்லாம் இவருதான். 1930 ஜனவரி 30ல கலிஃபோர்னியாவுல சான் பெர்னார்டினோங்கற ஊர்ல பொறந்தாரு, 2025 பிப்ரவரில 95 வயசுல காலமானாரு. நாப்பது வருஷத்துக்கு மேல நடிச்சாரு, ரெண்டு ஆஸ்கர் வாங்கினாரு, அப்பறம் ஒரு நாள் போதும்னு சொல்லிட்டு போயிட்டாரு, திரும்பி வரவே இல்ல. ஹாலிவுட்ல போதும்னு சொன்னவங்க நெறைய பேரு, அந்த சொல்ல காப்பாத்தினவங்க ரொம்ப கம்மி.

சின்ன வயசு எப்படி? பணக்கார வீட்டு புள்ளையா?

சுத்தமா இல்ல. அப்பா இல்லினாய்ஸ்ல டான்வில்னு ஒரு சின்ன ஊர்ல, உள்ளூர் பேப்பர் அச்சாகுற பிரஸ்ல வேலை பாத்தாரு. பாட்டி வீட்டுலதான் குடும்பம் இருந்துச்சு. ஜீனுக்கு 13 வயசு இருக்கும்போது ஒரு நாள் தெருவுல விளையாடிட்டு இருந்திருக்காரு, அப்பா கார்ல அந்த வழியா போறாரு, நிறுத்தல, லேசா ஒரு கைய மட்டும் ஆட்டிட்டு போயிட்டாரு. அவ்ளோதான், குடும்பத்த விட்டு போறேங்கறதுக்கு அதுதான் அறிவிப்பு. ஒரு சின்ன கையசைப்புல எவ்ளோ விஷயம் இருக்க முடியும்னு அன்னிக்குதான் புரிஞ்சுது, ஒரு வேளை அதனாலதான் நான் நடிகன் ஆனேனோ என்னவோங்கற மாதிரி பல வருஷம் கழிச்சு ஒரு பேட்டில சொல்லியிருக்காரு. இவரோட நடிப்ப பத்தி யாரு என்ன ஆராய்ச்சி பண்ணாலும் இதுக்கு மேல ஒண்ணும் சொல்லிட முடியாதுன்னு எனக்கு தோணும். வசனத்த விட கை, கண்ணு, ஒரு அரைகுறை சிரிப்பு, அதுலதான் மனுஷன் வேலைய முடிச்சுட்டு போவாரு.

அம்மா 1962ல தீ விபத்துல இறந்துட்டாங்க. சிகரெட்டால பத்திக்கிட்ட தீ. மகன் பெரிய ஆளானத அவங்க பாக்கவே இல்ல.

மிலிட்டரில இருந்தாருன்னு சொல்றாங்களே?

ஆமா, மரீன் படை. 16 வயசுல வயச கூட்டி சொல்லி சேந்துட்டாரு, நாலரை வருஷம் இருந்தாரு. ரேடியோ ஆபரேட்டர் வேலை, சீனா, ஹவாய், ஜப்பான்னு சுத்தினாரு. வெளிய வந்ததும் முன்னாள் படைவீரர்களுக்கு அரசாங்கம் குடுத்த படிப்பு உதவில இல்லினாய்ஸ் யூனிவர்சிட்டில கொஞ்ச நாள் ஜர்னலிசம் படிச்சாரு, அது ஒட்டல.

நடிப்பு பள்ளிக்கூடத்துல "இவன் உருப்படமாட்டான்"னு ஓட்டு போட்டாங்களாமே, உண்மையா?

உண்மைதான். 1956 வாக்குல கலிஃபோர்னியாவுல பாசடீனா பிளேஹவுஸ்ல போய் சேந்தாரு. அப்பவே கல்யாணம் ஆயிடுச்சு, கிளாஸ்ல இருந்த மத்தவங்கள விட வயசும் அதிகம், ஹீரோ மூஞ்சியும் கெடையாது. அங்கதான் இன்னொரு குள்ளமான பையன் ஃப்ரெண்டானான், பேரு டஸ்டின் ஹாஃப்மேன். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஆளுங்கன்னு கிளாஸ்ல தேர்ந்தெடுத்தது இவங்க ரெண்டு பேரத்தான். ரெண்டு பேருமே ஆளுக்கு ரெண்டு ஆஸ்கர் வாங்கினாங்க. அந்த ஓட்டு போட்ட மத்த பசங்கள்லாம் என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல பாருங்க.

ஹாஃப்மேன், இன்னொரு நடிகர் ராபர்ட் டுவால், ஹேக்மேன் மூணு பேரும் ரூம்மேட்டா?

ஒரே நேரத்துல மூணு பேரும் ஒரே ரூம்ல இருந்தாங்கன்னு சொல்றது கொஞ்சம் ஊதி பெருசாக்கின கதை. நடந்தது என்னன்னா, ஹேக்மேன் பொண்டாட்டியோட நியூயார்க்ல ஒரு சின்ன அபார்ட்மென்ட்ல இருந்தாரு, ஹாஃப்மேன் பின்னாடியே கிளம்பி வந்து அவங்க வீட்டு கிச்சன் தரையில படுத்து தூங்கினாரு, போகவே மாட்டேங்கறான்னு ஆனதும் ஹேக்மேனே அவர கொண்டு போய் டுவால் கூட சேத்து விட்டாரு. ஆனா மூணு பேரும் நகமும் சதையுமா இருந்தது உண்மை, மூணு பேருக்கும் காசு இல்லாததும் உண்மை. ஹேக்மேன் லாரி ஓட்டினாரு, வீட்டு சாமான் தூக்கினாரு, ஷூ வித்தாரு, ஒரு ஹோட்டல் வாசல்ல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கதவு தொறந்து விடற வேலையும் பாத்தாரு. அந்த கதவு வேலையில இருக்கும்போது பழைய ஆளு ஒருத்தர் அந்த வழியா போயிட்டு, நீ தேறமாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்ங்கற மாதிரி சொல்லிட்டு போனாராம். அது பாசடீனா வாத்தியார்னு ஒரு எடத்துல வருது, மரீன் அதிகாரின்னு இன்னொரு எடத்துல வருது. யாரா இருந்தா என்ன, வலி ஒண்ணுதான்.

முதல் பிரேக் எது?

1964ல லிலித்னு ஒரு படத்துல குட்டி ரோல். அதுல ஹீரோ வாரன் பீட்டி, அந்த ஒரே சீன்ல இந்த ஆள கவனிச்சு வச்சுக்கிட்டாரு. பானி அண்ட் கிளைட் படத்த பீட்டியே தயாரிச்சப்போ ஞாபகமா கூப்பிட்டு, படத்துல தனக்கு அண்ணனா வர்ற பக் பாரோ ரோல குடுத்தாரு. 1967ல படம் வந்துச்சு, ஹேக்மேனுக்கு முதல் ஆஸ்கர் நாமினேஷன். அப்போ வயசு 37. நம்ம ஆளுங்க 37ல லைஃப் முடிஞ்சுதுன்னு பொலம்புவாங்க.

இதே வருஷம் இன்னொரு கூத்தும் நடந்துச்சு. த கிராஜுவேட் படத்துல மிஸ்டர் ராபின்சன் ரோலுக்கு எடுத்து, ரிகர்சல்லயே தூக்கிட்டாங்க, அந்த ரோலுக்கு வயசு பத்தலன்னு. அந்த படத்துல ஹீரோ யாருன்னா கிச்சன்ல படுத்து தூங்கின அதே ஹாஃப்மேன்.

த பிரெஞ்ச் கனெக்‌ஷன்ல அப்படி என்ன இருக்கு? இன்னிக்கு பாத்தா சாதா போலீஸ் படமாத்தானே இருக்கு?

இன்னிக்கு சாதாவா தெரியறதுக்கு காரணமே, அதுக்கப்பறம் வந்த போலீஸ் படம் பாதிக்கு மேல இதுலருந்து எடுத்ததுதான். 1971ல வில்லியம் ஃப்ரீட்கின் டைரக்ட் பண்ணது. மார்செய்ல்லருந்து நியூயார்க்குக்கு ஹெராயின் கடத்தின நிஜ கேஸ், எடி ஈகன், சானி குரோசோன்னு ரெண்டு நிஜ டிடெக்டிவ். ஹேக்மேனும் கூட நடிச்ச ராய் ஷைடரும் அவங்க கூடவே ரோந்து போய் பாத்து பழகிக்கிட்டாங்க. ஈகனே படத்துல மேலதிகாரியா ஒரு ரோல் பண்ணியிருக்காரு.

பாப்பாய் டாயில்னு கேரக்டர் பேரு. குல்லா, கசங்கின கோட்டு, வாயில கெட்ட வார்த்தை, கறுப்பின மக்கள கேவலமா பேசற ஆளு, சந்தேகத்துல புடிச்சவன அடிக்கற ஆளு. ஹேக்மேனுக்கு இது சுத்தமா புடிக்கல. முதல்ல எடுத்த விசாரணை சீன்ல கைதிய ஓங்கி அறையணும், இவரால முடியல, டேக் மேல டேக் போச்சு, படத்த விட்டு விலகிடறேன்னு கூட கேட்டிருக்காரு. ஃப்ரீட்கின் விடல. அந்த சீன அப்பறமா திரும்ப எடுத்தாங்க. அந்த வெறுப்போடயே நடிச்சதாலதான் அந்த கேரக்டர்ல ஒரு முள்ளு இருக்குன்னு நான் நெனைக்கறேன், ரசிச்சு நடிச்சிருந்தா ஒரு மாஸ் ஹீரோவா போயிருக்கும், அதோட படமும் செத்திருக்கும்.

ரெண்டு சீன் மட்டும் உன்னிப்பா பாருங்க. ஒண்ணு, வில்லன் நல்ல ரெஸ்டாரன்ட்ல கதகதப்பா உக்காந்து ஒயினோட சாப்பிட்டுட்டு இருப்பான், இவரு வெளிய குளிர்ல நின்னுக்கிட்டு காஞ்ச பீட்சாவ மென்னுட்டு, ஆறிப்போன காப்பிய ஒரு வாய் குடிச்சு பாத்துட்டு ரோட்டுல ஊத்துவாரு. வசனமே கெடையாது. ரெண்டாவது, சப்வே பிளாட்ஃபார்ம். வில்லன் ட்ரெயின்ல ஏறுவான், எறங்குவான், இவரும் யாரோ எவரோ மாதிரி ஏறுவாரு, எறங்குவாரு, கடைசில வில்லன் கைல இருக்கற குடைய விட்டு கதவ தடுத்து உள்ள போயிடுவான், கதவு சாத்திக்கும், வண்டி கெளம்பும், உள்ளருந்து சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டுவான். படத்தோட கடைசில இவரு அதே கையசைப்ப அவனுக்கு திருப்பி குடுப்பாரு. டான்வில் தெரு கதை தெரிஞ்சுட்டு இத பாத்தா கொஞ்சம் என்னவோ பண்ணும்.

படத்துக்கு அஞ்சு ஆஸ்கர். சிறந்த படம், சிறந்த டைரக்டர், இவருக்கு சிறந்த நடிகர், எல்லாம் அதுல சேத்தி.

அந்த கார் சேஸ் நிஜமாவே ட்ராஃபிக்ல எடுத்ததா?

பாதி ஆமா. ப்ரூக்ளின்ல தலைக்கு மேல ட்ரெயின் ஓடற பாலத்துக்கு அடியில, 1971 மாடல் பான்டியாக்க விரட்டி எடுத்தாங்க. நெறைய ஷாட் ஸ்டன்ட் டிரைவரோட பிளான் பண்ணது, சிலது முறையா ரோட்ட அடைக்காமயே எடுத்தது. ஒரு மோதல் திட்டத்துலயே இல்ல, அந்த ஏரியாக்காரர் ஒருத்தரோட கார் நடுவுல வந்து மாட்டிக்கிச்சு, அதயும் படத்துல வச்சுட்டாங்க. ரொம்ப ஆபத்தான ஓட்டம் எல்லாம் பில் ஹிக்மேன்ங்கற ஸ்டன்ட்மேன், ஹேக்மேனும் கொஞ்சம் ஓட்டியிருக்காரு. பின் சீட்ல உக்காந்து கேமரா புடிச்சது டைரக்டரே. கேமராமேனுங்களுக்கு பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு, எனக்கு அப்போ இல்லன்னு காரணம் சொன்னாரு. இன்னிக்கு இப்படி எடுத்தா உள்ள தூக்கி வச்சுடுவாங்க, வைக்கறதும் நியாயம்தான்.

இவரோட பெஸ்ட் படம் எது?

ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எனக்கு த கான்வர்சேஷன், 1974, ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பலா டைரக்ட் பண்ணது. அவரோட ரெண்டு காட்ஃபாதர் படத்துக்கும் நடுவுல எடுத்த சின்ன படம், கான்ஸ் திரைப்பட விழாவுல பெரிய பரிசு வாங்கிச்சு. ஹேரி கால்ங்கற ஒட்டுக்கேக்கற நிபுணர். ஊரான் பேச்சு எல்லாத்தயும் பதிவு பண்ற ஆளு, ஆனா தன்ன பத்தி ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியக்கூடாது. ஆரம்பத்துல ஒரு சீன், பூட்டு மேல பூட்டு போட்ட வீட்ட தொறந்து உள்ள போனா ஒரு ஒயின் பாட்டில் இருக்கும். வீட்டுக்காரம்மா பொறந்தநாளுக்கு வச்சுட்டு போனது. சந்தோஷப்படாம உடனே ஃபோன போட்டு, உள்ள எப்படி வந்தீங்க, சாவி எப்படி கெடச்சுதுன்னு பவ்யமா விசாரிப்பாரு. கோவமே படமாட்டாரு, குரல் ஏறாது, ஆனா உள்ள எவ்ளோ பயம்னு தெரியும். மழையே இல்லாத நாள்லயும் ஒரு மெல்லிசான ரெயின்கோட்ட போட்டுக்கிட்டே திரிவாரு. பாப்பாய் டாயிலும் இவனும் ஒரே ஆளுன்னு நம்பவே முடியாது. இதுக்கு ஹேக்மேனுக்கு ஆஸ்கர் நாமினேஷன் கூட குடுக்கல.

ஹேக்மேன் தனக்கு புடிச்சதுன்னு சொன்னது 1973ல அல் பசினோ கூட நடிச்ச ஸ்கேர்குரோ. அது ஓடல. அந்த கடுப்புலதான், இனி காசு வர்ற படமா பண்ணுவோம்னு கொஞ்ச வருஷம் எறங்கிட்டாரு.

அப்போ 70ஸ் கடைசில கண்ட படத்துலயும் நடிச்சது அதனாலதானா?

ஆமா, அவரே ஒத்துக்கிட்டதுதான். லக்கி லேடி, மார்ச் ஆர் டைன்னு சில படம் இருக்கு, பாக்க வேணாம். இதே காலத்துலதான் நைட் மூவ்ஸும் வந்துச்சு, அது தங்கம், அப்போ யாரும் கண்டுக்கல. பிரெஞ்ச் கனெக்‌ஷன் ரெண்டாம் பாகம் கூட மட்டம்னு சொல்வாங்க, நான் ஒத்துக்கமாட்டேன், அதுல போதை வெறில துடிக்கற சீன் ஒண்ணு இருக்கு, அதுக்காகவே பாக்கலாம்.

சூப்பர்மேன் மீசை கதை என்ன?

லெக்ஸ் லூதர் மொட்டை, இவரு மொட்டை அடிக்கமாட்டேன்னுட்டாரு, மீசையயும் எடுக்கமாட்டேன்னுட்டாரு. டைரக்டர் ரிச்சர்ட் டானர், நீங்க எடுத்தா நானும் என் மீசைய எடுக்கறேன்னு டீல் போட்டாரு. இவரு எடுத்துட்டு வந்து, இப்போ உங்க மீசைன்னு கேட்டதும், டானர் தன்னோட மீசைய அப்படியே பிச்சு கையில குடுத்தாராம், ஒட்டு மீசை! ரெண்டு பேரும் ஃப்ரெண்டாயிட்டாங்க. அந்த நட்பு எவ்ளோன்னா, ரெண்டாம் பாகம் நடுவுல டானர தூக்கினப்போ, புது டைரக்டர் எடுத்த மீதிக்கு நடிக்க ஹேக்மேன் வரல, டூப்ப வச்சு ஒப்பேத்தினாங்க. நாலாவது பாகத்துல மட்டும் ஏன் திரும்ப வந்தாருன்னு கேக்காதீங்க.

ஹூசியர்ஸ் ஸ்போர்ட்ஸ் படமாச்சே, எனக்கு பாஸ்கெட்பால் தெரியாதே?

தேவையில்ல. 1986ல வந்துச்சு, இண்டியானாவுல 1954ல மைலன்ங்கற குட்டி ஊரு ஸ்கூல் டீம் மாநில சாம்பியன் ஆன கதைய வச்சு எடுத்தது. ஃபைனல் நடக்கற பிரம்மாண்டமான ஸ்டேடியத்த பாத்து பசங்க மிரண்டு போய் நிப்பாங்க. கோச்சா வர்ற இவரு ஒரு டேப்ப எடுத்து அளக்க சொல்லுவாரு. கூடைலருந்து ஃப்ரீ த்ரோ போடற கோடு 15 அடி, ஒருத்தன் இன்னொருத்தன் தோள்ல ஏறி அளந்தா கூடை ஒசரம் 10 அடி. நம்மூரு கிரவுண்டும் இதே அளவுதான்டான்னு முடிப்பாரு. ஒரு கத்தல் இல்ல, பஞ்ச் டயலாக் இல்ல.

அன்ஃபர்கிவன்ல நடிக்க முதல்ல மாட்டேன்னாராமே?

ஆமா. வன்முறை படம் வேணாம்னு மகளுங்களும் சொல்லிட்டு இருந்தாங்க, இவருக்கும் அலுத்து போச்சு. கிளின்ட் ஈஸ்ட்வுட் உக்கார வச்சு, இது வன்முறைய கொண்டாடற படம் இல்ல, அதோட அசிங்கத்த காட்டற படம்னு பேசி சம்மதிக்க வச்சாரு. 1992ல வந்துச்சு. ஷெரிஃப் லிட்டில் பில் டாகெட், ஊருக்குள்ள துப்பாக்கி வரக்கூடாதுன்னு சட்டம் போட்டவன், அத மீறினவன நடுரோட்டுல போட்டு மிதிப்பான். இதுல விசேஷம் என்னன்னா, இந்த ஆளு தன் கையாலயே வீடு கட்டிட்டு இருப்பான், தச்சு வேலை சுத்தமா வராது, ஒரு கோணம் நேரா இருக்காது, மழை வந்தா வீடு பூரா ஒழுகும், சொட்டற எடத்துல எல்லாம் பாத்திரத்த வச்சுட்டு உக்காந்து பெருமையா கதை பேசுவான். கடைசில சாகப்போற நேரத்துலயும், நான் வீடு கட்டிட்டு இருந்தேனே, எனக்கு ஏன் இப்படின்னுதான் கேப்பான். வில்லன் தன்ன வில்லன்னு நெனைக்கறதே இல்ல, அத இவர மாதிரி காட்டினவங்க கொறச்சல். ரெண்டாவது ஆஸ்கர் இதுக்குத்தான், சிறந்த துணை நடிகர்.

மொத்தம் எத்தனை நாமினேஷன்?

அஞ்சு. பானி அண்ட் கிளைட், ஐ நெவர் சாங் ஃபார் மை ஃபாதர், பிரெஞ்ச் கனெக்‌ஷன், மிசிசிப்பி பர்னிங், அன்ஃபர்கிவன்.

செட்ல பயங்கர கோவக்காரராமே?

ஆமா, மறைக்க ஒண்ணும் இல்ல, டைரக்டருங்க கூட அடிக்கடி முட்டிக்குவாரு. த ராயல் டெனன்பாம்ஸ் படத்துல வெஸ் ஆண்டர்சன் இவர மனசுல வச்சே ரோல் எழுதினாரு, எனக்காக எழுதாதேன்னு இவரு சொல்லியும் எழுதினாரு. பல மாசம் கழிச்சு ஒத்துக்கிட்டு வந்து, சின்ன பையன் டைரக்டர நல்லா வறுத்து எடுத்தாரு. பில் மர்ரே தனக்கு ஷூட்டிங் இல்லாத நாள்லயும் செட்ல வந்து நின்னது டைரக்டருக்கு ஒரு தொணையா இருக்கட்டும்னுதானாம். ஆனா படத்துல பாருங்க, பொய் சொல்லியாவது குடும்பத்துக்குள்ள திரும்ப நுழையணும்னு பாக்கற அந்த அப்பன் ரோல வேற யாராலயும் பண்ணியிருக்க முடியாது.

ஏன் திடீர்னு நடிப்ப விட்டாரு?

கடைசி படம் 2004ல வெல்கம் டு மூஸ்போர்ட், ஒரு சுமாரான காமெடி. அதுக்கு முந்தின வருஷம் ரனவே ஜூரில ஹாஃப்மேன் கூட முதல் தடவையா சேந்து நடிச்சாரு. ரெண்டு பேரும் ஒண்ணா வர்ற சீனே மொதல்ல ஸ்கிரிப்ட்ல இல்ல, இத்தனை வருஷ ஃப்ரெண்ட்ஸ் எதிரெதிர்ல நிக்கலன்னா எப்படின்னு ஒரு பாத்ரூம் சீன தனியா சேத்தாங்க. விட்டதுக்கு காரணம் ஒடம்பு. 1990லயே இதயத்துல பிரச்சனை வந்துச்சு, அப்பறம் டாக்டர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுத்து பாத்துட்டு இந்த டென்ஷன் உங்க இதயத்துக்கு ஆகாதுன்னுட்டாரு. இன்னொரு படம் பண்ணுவீங்களான்னு 2011ல கேட்டப்போ, என் வீட்டுலயே, எதயும் கலைக்காம, ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் வந்து எடுத்தா பாக்கலாம்ங்கற மாதிரி சொன்னாரு. யாரும் போகல போல.

ரிடையர் ஆகி என்ன பண்ணாரு?

நியூ மெக்சிகோவுல சான்டா ஃபேல இருந்தாரு. படம் வரைஞ்சாரு, சைக்கிள் ஓட்டினாரு, நாவல் எழுதினாரு. நாவல் மட்டும் நடிச்சுட்டு இருந்தப்போவே ஆரம்பிச்சது, கடலடி தொல்லியல் நிபுணர் டேனியல் லெனிஹன் கூட சேந்து மூணு, தனியா ரெண்டு. அதுக்கெல்லாம் முன்னாடி கார் ரேஸ் பைத்தியம் வேற, 1983ல டேடோனா 24 மணி நேர ரேஸ்ல நிஜமாவே ஓட்டியிருக்காரு.

எப்படி இறந்தாரு? என்னென்னமோ சொன்னாங்களே?

2025 பிப்ரவரி 26ல சான்டா ஃபே வீட்டுல அவரும் மனைவி பெட்சி அரகாவாவும் இறந்து கெடந்தத கண்டுபுடிச்சாங்க, வளத்த மூணு நாய்ல ஒண்ணும் இறந்திருந்துச்சு. மொதல்ல கேஸ் கசிவு, கொலைன்னு கண்டபடி பேசினாங்க, ஒண்ணும் உண்மை இல்ல. மருத்துவ விசாரணைல தெரிஞ்சது, 65 வயசு பெட்சி அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எலி மூலமா பரவற ஹான்டா வைரஸால இறந்துட்டாங்க. இவரு அதுக்கப்பறம் ஒரு வாரம் போல உயிரோட இருந்திருக்காரு, இதயத்துடிப்ப சீராக்க வச்சிருந்த பேஸ்மேக்கர்ல கடைசியா பதிவானது பிப்ரவரி 18. காரணம் இதய நோய், கூட அல்சைமர்ங்கற மறதி நோய் முத்தின நிலை. மனைவி இறந்தது அவருக்கு புரிஞ்சிருக்கவே வாய்ப்பு கம்மின்னு டாக்டருங்க சொன்னாங்க. அவர பாத்துக்கிட்டது முழுக்க பெட்சிதான், வேற ஆளே இல்ல. வயசானவங்கள வீட்டுல ஒத்த ஆளா பாத்துக்கறவங்க இந்த செய்திய படிச்சுட்டு ரெண்டு நாள் தூங்கியிருக்க மாட்டாங்க.

சரி, எதுலருந்து ஆரம்பிக்கலாம்?

த்ரில்லர் புடிக்கும்னா மொதல்ல கான்வர்சேஷன், அடுத்தது எனிமி ஆஃப் த ஸ்டேட். ரெண்டாவதுல இவரு அதே ஒட்டுக்கேக்கற ஆளு வயசாகி வந்த மாதிரியே இருப்பாரு, இளவயசு போட்டோவா காட்டறது கூட கான்வர்சேஷன் காலத்து படம்தான். வீட்டுல எல்லாரும் சேந்து பாக்கணும்னா ஹூசியர்ஸ். சிரிக்கணும்னா யங் ஃப்ராங்கன்ஸ்டைன்ல கண்ணு தெரியாத சாமியாரா அஞ்சு நிமிஷம் வருவாரு, கொதிக்கற சூப்ப விருந்தாளி மடியில ஊத்துவாரு, தாடிக்குள்ள இருக்கறது இவருதான்னு கண்டுபுடிக்கவே முடியாது. பிரெஞ்ச் கனெக்‌ஷன ராத்திரி, சத்தத்த நல்லா வச்சு பாருங்க, ஃபோன்ல வேணாம்.

மூஸ்போர்ட்ட கடைசிக்கு வச்சுக்கோங்க, பாக்கலன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது.